மன்னருக்கு இன்று லீவு

பொறாமையில் நான் யாருக்கும் இளைத்தவன் இல்லை. என் மச்சினன் முருகேசன் சொன்ன ஒரு ஜோக்குக்கு என் மனைவி செல்லத்தாய் பதினோரு முறை சிரித்தாள். எண்ணினேன். (முப்பத்தொரு வருஷம் தேயிலைத் தோட்டத்தில் ஆள் எண்ணிப் பிழைத்தவன், வேறென்ன செய்வான்?) கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷத்தில் என் பேச்சுக்கு அவள் சிரித்தது பூஜ்யம்.

லாரி ஓட்டும் முருகேசனிடம் இருந்ததெல்லாம் ராஜா ஜோக்குதான். "அமைச்சரே, பக்கத்து நாட்டு மன்னர் ஓலை அனுப்பியிருக்கிறாராமே?" "ஆமாம் மன்னா, நம் கூரை ஒழுகுவது அவருக்கும் தெரிந்துவிட்டது." இதற்கு எங்கள் ஊர் ஏலப்பாறையே தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கும்.

மகன் கட்டிய புது வீட்டுப் பால்காய்ச்சில் அவளை ஒரு தடவையாவது சிரிக்க வைப்பதென்று முடிவெடுத்தேன். இரண்டு மாதம் மண்டையை உடைத்துப் பதினெட்டு ராஜா ஜோக் தயாரித்தேன். நீள நோட்டில் கோடு போட்டு, வரிசை எண்ணோடு. (சிரித்தால் டிக் அடிக்கத் தனிக் கட்டம்.)

சாப்பாடு முடிந்து முற்றத்தில் அறுபத்து மூன்று பேர். பாதிப் பேர் என் பழைய வேலையாட்கள். கண்ணாடியை மாட்டி நோட்டைப் பிரித்தேன். அங்கேதான் வினை. காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்ட அதே குரல், நோட்டைக் கண்டதும் தானாக வந்துவிட்டது.

"ஒண்ணு! மன்னா!"

முன்னால் இருந்த மாரியம்மா விருட்டென்று எழுந்து நின்றாள். பின்னாலேயே ஒன்பது பெண்கள் எழுந்து வரிசை கட்டினார்கள்.

முருகேசன் கத்தினான்: "மன்னருக்கு இன்னைக்கு லீவு அத்தான்! போருக்குப் போயிருக்காரு!"

விடவில்லை நான். "ரெண்டு! மன்னா, எதிரியின் படை..."

"படைக்கு அரை நாள் போடுங்கய்யா, லேட்டா வந்துச்சு!" என்றாள் மாரியம்மா.

முற்றமே சிரித்து உருண்டது. செல்லத்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். மூன்றாவது ஜோக்கை யாரும் கேட்கவே இல்லை.

திரும்பும் ஜீப்பில் மெதுவாகக் கேட்டேன்: "எனக்குத்தானே சிரிச்சே?"

"நீங்க எங்க சொன்னீய? எந்தம்பில்லா சொன்னான்!"

ஏலப்பாறை வரும்வரை வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து சோறு போட்டதும் அடுக்களையிலிருந்து, "மன்னா!" என்று கூப்பிடுகிறாள். "இருக்கேன்" என்று நான் சொன்னால்தான் தட்டு நகரும். சொன்னதும் சிரிக்கிறாள். நேற்றோடு இருநூற்றுப் பதினாறு முறை. அத்தனைக்கும் அந்தத் தனிக் கட்டத்தில் என் பேரில்தான் டிக் அடித்திருக்கிறேன். முருகேசனுக்குத் தெரிய வேண்டாம்.