கைகொடுக்கவா, கைவிடவா?

"கார் ஏசியா இருக்கட்டும் ஸ்வாமி. பாலத்து மேல வர்ற காவேரிக் காத்து இந்த வயசுல நேக்கு ஒத்துக்கறதில்லே" என்று சொல்லிவிட்டு, ஸ்ரீரங்கத்திலிருந்து பேசிய பட்டிமன்ற நடுவர் பேராசிரியர் வீரராகவன் போனை வைத்துவிட்டார்.

டோமினிக் கணக்கு நோட்டைத் திறந்தார். மன்னார்புரத்தில் அவர் குடியிருக்கும் நகரின் நலச் சங்கத்துக்குச் செயலாளராகி மூன்று மாதம்தான் ஆகிறது. ஆண்டு விழாவுக்கு வீடு வீடாக ஏறி இறங்கி இருபத்தைந்தாயிரம் வசூலித்திருந்தார். மண்டபம், மைக் செட், நடுவர் சன்மானம், பேனர், ஆளுக்கு ரெண்டு போண்டா என்று எல்லாவற்றுக்கும் அதைக் கச்சிதமாகப் பிரித்தும் வைத்திருந்தார். இப்போது ஏசி கார், அதற்கு டிரைவர் பேட்டா என்று மூவாயிரம் உதைத்தது.

வேறு விழாவாக இருந்தால் உதைத்துவிட்டுப் போகட்டும் என்று விடலாம். இந்த விழாவின் பட்டிமன்றத் தலைப்பு, 'கடனில் தத்தளிக்கும் மாநில அரசுக்கு மத்திய அரசு கைகொடுக்க வேண்டுமா, கைவிட வேண்டுமா?' என்பது. தலைப்பைப் போட்டவர் டோமினிக். கைவிடும் அணிக்குத் தலைவரும் அவரேதான். காலையில் பேப்பரைப் பிரித்து பட்ஜெட் செய்தி கண்ணில் பட்டுவிட்டால், காபி ஆறி ஆடை கட்டும்வரை திட்டித் தீர்ப்பார். "வரவு தெரியாம செலவு பண்றவனுக்கு யாரும் பத்து பைசா குடுக்கக் கூடாது. கெடந்து திண்டாடட்டும்!"

"மூவாயிரத்துக்கு எங்க போவீங்க?" என்றாள் மனைவி லிசி.

"பீரோவுல ஜென்சி காலேஜ் ஃபீஸ் முப்பதாயிரம் இருக்குல்ல..."

"ஐயோ, அதுல கை வைக்காதீங்க! திங்கக்கிழமை கட்டலைன்னா பிள்ளையப் பரீட்சை எழுத விடமாட்டாங்க."

"கை வைக்கல லிசி. இது இடைக்கால ஏற்பாடு."

மூவாயிரத்தைத் திருப்பி வைக்க ஒரு வள்ளலைத் தேடி அரியமங்கலத்துக்குப் போனார். லேத் பட்டறை அடைக்கலராஜ் மறுபேச்சில்லாமல் ஐயாயிரத்தை நீட்டினார்.

"காசு என்ன சார் பெரிய காசு! நம்ம போட்டோ மட்டும் பேனர்ல வந்துடட்டும்."

அடித்து வைத்த பேனர் குப்பைக்குப் போனது; புதுப் பேனர் அடித்தாயிற்று. பணம் கொடுத்த மனுஷனுக்குப் பொன்னாடை போடாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? அவருக்கு மட்டும் போட்டால் மேடையில் இருக்கும் மற்ற ஏழு பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டார்களா? எட்டுப் பொன்னாடை, எட்டு ஷீல்டு. வந்தது ஐயாயிரம், அதற்காகப் போனது பதினோராயிரம்.

"இப்ப எவ்வளவு உதைக்குது?" என்றாள் லிசி.

"ஒன்பதாயிரம்."

"அவரு குடுக்காமலே இருந்திருந்தா?"

"மூவாயிரம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, டோமினிக் வண்டியைக் காந்தி மார்க்கெட்டுக்கு விட்டார்.

வெங்காய மண்டி சவரிராயன் ஏழாயிரம் கொடுத்தார். ஆனால் அவருக்கும் அடைக்கலராஜுக்கும் ஜென்மப் பகை.

"அந்தாளு படத்தை விட என் படம் ஒரு சுத்து பெருசா இருக்கணும். அப்புறம், நான் பேசுறப்ப கைதட்ட மண்டியிலேருந்து நாப்பது பேரு வருவாங்க. மூட்டை தூக்குற ஆளுங்க. போண்டாவைக் காட்டி அனுப்பிடாதீங்க."

மூன்றாவது பேனர் அச்சுக்குப் போனது. நாற்பது பேருக்கு பிரியாணி போட்டு, சந்தா கட்டிய குடும்பங்களுக்கு போண்டா கொடுத்தால் அப்புறம் அந்த நகரில் குடியிருக்க முடியுமா? எல்லாருக்கும் பிரியாணி என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்தால் பற்றாக்குறை முழுசாக முப்பதாயிரம். பீரோவில் இருந்த கவர் காலி.

"அப்பா, திங்கக்கிழமை கட்டிடுவீங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள் ஜென்சி. பெண்ணின் முகத்தைப் பார்க்க டோமினிக்குக்கு வெட்கமாக இருந்தது. ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை காண்டிராக்டர் முகம்மது கனி வீட்டு வாசலில் போய் நின்றார். பக்கத்து வார்டில் மழைநீர்க் கால்வாய் கட்டிய பெரிய கை. விஷயத்தைக் கேட்டதும் கனி கையை உயர்த்தினார்.

"எனக்கு போட்டோ வேணாம். பொன்னாடை வேணாம். பிரியாணியும் வேணாம் சார்."

டோமினிக்குக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒண்ணே ஒண்ணுதான். 'கைகொடுக்கணும்'னு தீர்ப்பு வரணும். நீங்களும் அந்தப் பக்கம்தான் பேசணும். உங்க பேச்சுக்குத்தான் ஊரு மயங்கும்."

"நானா? ஐயா, நான் கொள்கைன்னு ஒண்ணு..."

"முப்பதாயிரம்."

"எத்தனை நிமிஷம் பேசணும்?"

"மனசு விட்டுப் பேசுங்க. விழா முடிஞ்சதும் நம்ம மேனேஜர் அனீஸ் கவரைக் கொண்டாந்து குடுப்பான். உங்களுக்குன்னு ஒதுக்கியாச்சு."

வீட்டுக்கு வந்து சொன்னதும் லிசி கேட்டாள்: "ஒதுக்கியாச்சுன்னா, குடுத்தாச்சுன்னு அர்த்தமா?"

"சும்மா நொய்நொய்ங்காத. பெரிய மனுஷன் வார்த்தை."

நடுவரிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். "தீர்ப்பு எப்படியிருந்தா என்ன ஸ்வாமி, கார் ஏசிதானே?" என்று அவர் சுலபமாக முடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விழா. அடைக்கலராஜ் அரை மணி நேரம் பேசினார். அதற்குக் குறைந்தால் கேவலம் என்று சவரிராயன் முக்கால் மணி நேரம் பேசினார். மிச்சமிருந்த இருபது நிமிஷத்தில் மாநிலத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

டோமினிக் மைக்கைப் பிடித்தார். "செலவு செய்துவிட்டான், ஒப்புக்கொள்கிறேன்! யாருக்காகச் செய்தான்? ஊர் சாப்பிட வேண்டும் என்றுதானே செய்தான்! இன்று கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான். வீட்டில் பிள்ளை முகத்தைப் பார்க்க முடியவில்லை அவனுக்கு. கைதூக்கிவிட இந்த நாட்டில் ஒருத்தர்கூட இல்லையா?"

குரல் உடைந்து நிஜமாகவே அழுதுவிட்டார். பிரியாணி வாசனையில் உட்கார்ந்திருந்த மூட்டை தூக்கும் ஆட்கள் விசிலடித்தார்கள். தினமும் பேப்பரைப் பார்த்துத் திட்டும் மனுஷனா இவர் என்று எதிர்வீட்டுக்காரர் வாயைப் பிளந்தார். 'கைகொடுக்கத்தான் வேண்டும்' என்று தீர்ப்புச் சொன்ன நடுவர், ஷீல்டை மடியில் வைத்துக்கொண்டு ஏசி காரில் கிளம்பிவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் மேனேஜர் அனீஸ் வந்து, கனமான கவர் ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினார். டோமினிக் அதை வாங்கி லிசியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மகளிடம் கொடுத்தார்.

"இந்தாம்மா. உன் ஃபீஸ். நீயே பிரி."

ஜென்சி பிரித்தாள். உள்ளே முத்திரையும் கையெழுத்துமாக ஆறு பக்க ஜெராக்ஸ்.

"அப்பா, இது ஏதோ கால்வாய்க் கணக்குப்பா. பணம் இல்ல."

டோமினிக் அதை வாங்கி ஆறு பக்கத்தையும் புரட்டினார். "என்ன தம்பி இது?"

"முதலாளியோட பில்லு சார். கால்வாய் கட்டி ரெண்டு வருஷமாச்சு, கவர்மென்ட்டுல காசில்லைன்னு அப்படியே கெடக்கு. அதுல முப்பதாயிரம் உங்களுக்குன்னு கீழ எழுதிக் கையெழுத்தே போட்டுட்டாரு, பாருங்க" என்றார் அனீஸ், மலர்ந்த முகத்தோடு. "நீங்க பேசுன மாதிரி டெல்லிக்காரங்க மட்டும் கைகொடுத்துட்டாங்கன்னா, மறுநாளே பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டிடலாம் சார்!"