ஏபிசி அக்கா தோற்ற கதை

ஒரு விளையாட்டில் தோற்பதற்காக இவ்வளவு பாடுபட்ட மனுஷியை நான் பார்த்ததில்லை. நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள். மலேசியாவில் கேமரன் மலைக்குத் தேயிலைத் தோட்டம் பார்க்கப் போயிருந்தால் ஒருவேளை அவர் கையால் டீ குடித்திருப்பீர்கள். அப்படியானால் டீ வருவதற்கு முன்பே உங்களிடம் ஓர் இங்கிலீஷ் வார்த்தை கேட்டிருப்பார்.

தோட்டத்தில் அவருக்குப் பெயர் ஏபிசி அக்கா. நான் அங்கே ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது, சுற்றுப்பயணிகள் வரும் டீக்கடையில் ஸ்கோன் என்கிற வெள்ளைக்காரர் பன் சுடுவதும் ஸ்ட்ராபெரி ஜாம் காய்ச்சுவதும் அவர்தான். இங்கிலீஷில் எழுத்துகள் தெரியும், விலை சொல்லத் தெரியும், அவ்வளவுதான். அந்த மூலதனத்தை வைத்துக்கொண்டு போனில் ஒரு விளையாட்டில் இறங்கியிருந்தார். கலைந்து கிடக்கும் எழுத்துகளை அடுக்கி ஒரு வார்த்தை அமைக்க வேண்டும். அமைத்தால் எதிராளியின் முறை. வார்த்தை நீண்டால் பாயிண்டு கூடும். குறித்த நேரத்துக்குள் ஏதாவது ஒரு வார்த்தை போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டம் தானாக மூடிக்கொள்ளும்.

எதிராளி, ஜொகூரில் இருக்கும் அவருடைய ஒரே மகள்.

மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது, அக்கா வாசலில் நின்று ஆத்திரத்தில் "போ! அப்படியே போ!" என்று சொல்லிவிட்டார். நம் ஆட்கள் பக்கத்துக் கடைக்குப் போனால்கூட "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வார்கள். பெற்றவள் வாசற்படியில் நின்று 'போ' என்றால் என்ன ஆகும்? மகள் போய்விட்டாள். பேச்சும் நின்றுவிட்டது. அப்புறம் ஒருநாள் மகளின் பெயரோடு இந்த ஆட்டத்துக்கு அழைப்பு வந்தது. அதை மகள்தான் அனுப்பினாளா, இல்லை போனில் இருக்கும் எல்லாப் பெயருக்கும் அந்த விளையாட்டே அனுப்பிவைத்ததா என்று எனக்குப் பலத்த சந்தேகம். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் ஸ்கோன் வேண்டுமே.

போனில் வரும் எழுத்துகளைப் பார்த்து, பிஸ்கட் பெட்டி அட்டையில் வெட்டி வைத்திருந்த எழுத்துகளைப் பொறுக்கி ஒரு தட்டில் பரப்புவார். அந்தத் தட்டு டீயோடு மேஜை மேஜையாகப் போகும். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி எழுத்தை மாற்றி மாற்றி வைத்துச் சண்டை போட்டு, வந்த வேனையே தவறவிட்டது. ஸ்கோன் ஏன் கருகுகிறது என்று விசாரிக்க வந்த மானேஜர் துரை, "எங்க, காட்டுங்க" என்று உட்கார்ந்தவர், அடுத்த தட்டும் கருகிய பிறகுதான் எழுந்தார்.

வார்த்தை கிடைத்ததும் அர்த்தம் கேட்டு என்னிடம் ஓடி வருவார்.

"தம்பி, கிரேவ்னா என்னா லா?"

"சமாதிக்கா. போடுங்க, நல்ல பாயிண்டு."

"அட பாவி! எம் மவளுக்குச் சமாதிய அனுப்பச் சொல்றியா? வேற பாரு."

"இயர் இருக்கு. காது. ஆனா பாயிண்டு கம்மி."

"காதா? காதுகுத்து நல்ல காரியம்தானே. அதையே போடு."

இதுதான் அவர் சட்டம். விளையாட்டுதானே என்றால் கேட்கமாட்டார். மகளுக்குப் போகிற வார்த்தை நல்ல வார்த்தையாக இருக்க வேண்டும். கத்தி கூடாது, உறவை அறுக்கும். உப்பும் கூடாது, கையில் கொடுத்தால் சண்டை வரும். எறும்புக்கு மட்டும் முகம் மலர்ந்தது. "அரிசி உள்ள ஊட்டுக்குத்தான் எறும்பு வரும், போடு!" ஒருநாள் ஒரு சுற்றுப்பயணி ஏழு எழுத்தையும் சேர்த்து 'ஃபியூனரல்' என்று அடுக்கிவிட்டுத் துள்ளிக் குதித்தார். இழவு ஊர்வலம் என்று நான் சொன்னதும் அக்கா தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய் மஞ்சள் தண்ணீரில் கழுவினார். அதிலிருந்தே 'ஃபன்' என்பதை மட்டும் உருவி மகளுக்கு அனுப்பினார்.

மகள் வரிசையாக ஜெயித்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஒருமுறைகூடப் பதில் போடாமல் விட்டதில்லை.

பிறகு அந்த மழை வந்தது. சரிவில் மரங்கள் சாய்ந்து, தோட்டத்தில் கரண்டும் இல்லை, போனில் சிக்னலும் இல்லை. அக்கா குடையோடு ஆபீசுக்குள் நுழைந்தார்.

"தம்பி, மத்தியானத்தோட ஆட்டம் மூடிரும். மோட்டர எடு, தானா ராத்தா டவுனுக்குப் போலாம்."

"ரோடெல்லாம் சகதிக்கா!"

"மூடிருச்சின்னா அவ மறுபடி கூப்புடுவாளோ என்னமோ, யாருக்கு லா தெரியும்?"

மோட்டார் சைக்கிளை எடுத்தேன். திரிங்காப்பிலிருந்து முட்டைகோஸ் ஏற்றிவந்த லோரிக்குப் பின்னால், அது வாரி அடித்த சேறு முழுவதையும் வாங்கிக்கொண்டு போனோம். பஸ் ஸ்டேஷனில் இறங்கியபோது எங்கள் இருவர் மேலும் விதை தூவியிருந்தால் முளைத்திருக்கும்.

சிக்னல் வந்தது. எழுத்துகளும் வந்தன. ஓ ஒன்றைத் தவிர உயிரெழுத்தே இல்லை. நான் பார்த்தேன், பஸ்ஸுக்கு நின்ற காலேஜ் பெண் பார்த்தாள், டிக்கெட் கவுண்டர்க்காரர் வெளியே வந்து பார்த்தார். அமைந்தது ஒரே ஒரு வார்த்தை. ஜி, ஓ. 'கோ'.

அதற்கு மட்டும் அக்கா என்னிடம் அர்த்தம் கேட்கவில்லை.

"நேரம் ஆவுதுக்கா. வெறும் ரெண்டு எழுத்து. போட்டுருங்க, ஆட்டம் பொழச்சிக்கும்."

அக்கா மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "ஒரு தடவ சொன்னேன் தம்பி. அது போதும்."

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆட்டம் மூடிக்கொண்டது. அக்கா போனை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்தது, சொல்ல வெட்கமில்லை. அதை மறைக்கத்தான் டீ வாங்கப் போனேன்.

திரும்பி வந்தால் போன் அடிக்கிறது. அக்கா எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். திரையில் மகளின் பெயர். சேற்றுக் கையோடு நான்தான் அழுத்திக் கொடுத்தேன்.

"ஏம்மா வெளையாடல? ஒடம்பு சரியில்லயா? மழன்னு சொல்றாங்க, ஊட்டுக்கு ஒண்ணும் ஆவலயே?" பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கும்படி மகள் பதறினாள்.

அத்தனை நாள் வார்த்தை வார்த்தையாகப் பொறுக்கி அனுப்பியவருக்கு இப்போது ஒரு வார்த்தைகூட வரவில்லை. கடைசியில், "சாப்டியாம்மா?" என்றார். அந்தப் பக்கம் அழுகை கேட்டது. இந்தப் பக்கமும் அதேதான். வைக்கும்போது அக்கா சொன்னார்: "வா பாப்பா. அவரையும் கூட்டிக்கிட்டு வா."

வந்தார்கள். மாப்பிள்ளை, கருகிய ஸ்கோனைச் சத்தமில்லாமல் தின்று நல்ல பெயர் வாங்கிவிட்டார்.

மகளோடு வாய்விட்டுப் பேச ஆரம்பித்துவிட்டதால், அக்காவின் ஆட்டத்துக்கு எதிராளி இல்லாமல் போனது. இப்போது கோலாலம்பூரில் இருக்கும் நான்தான் அகப்பட்டேன். நேற்று எனக்கு 'ரைஸ்' வந்தது. என் எழுத்துகளில் 'பாய்சன்' பளிச்சென்று கிடந்தது, அமோகமான பாயிண்டு. விரல் போகவில்லை. அதிலேயே தேடி 'சன்' என்று போட்டேன். மகன் என்று அர்த்தம். அக்கா என்று கூப்பிடுகிறவன் அப்படிப் போடலாமா, தெரியவில்லை.

ஏபிசி அக்கா வாழ்க்கையில் முதல் முறையாக ஜெயித்துவிட்டார்.