கொண்டைராசு செய்த முதலுதவி

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்ததாம். அது கிடக்கட்டும். அந்தக் காட்டை ஒட்டி கோகிலவாணி வீட்டுக் கொல்லை இருந்தது. கொல்லையில் பூங்காவனம் என்றொரு கோழி இருந்தாள். கதை அவளுடையது.

ஒரு சனிக்கிழமை மதியம் பூங்காவனம் வெட்டுக்கிளி ஒன்றைத் துரத்திக்கொண்டு வேலியில் பாய்ந்தாள். வெட்டுக்கிளி தப்பியது. முள்கம்பி அவளைத் தப்பவிடவில்லை. தொடையில் கிழிசல், சொட்டுச் சொட்டாய் ரத்தம், நடந்தால் நொண்டல்.

வலிகூடப் பரவாயில்லை. மறுநாள் கோகிலவாணியின் மாப்பிள்ளை விருந்துக்கு வருகிறார். நொண்டுகிற கோழிதான் முதலில் சட்டிக்குப் போகும் என்பது அந்தக் கொல்லையின் சட்டம். சாயங்காலம் கோழிகளைப் பஞ்சாரம் போட்டு மூட கோகிலவாணி வருவாள். அதற்குள் நேராக நடந்தாக வேண்டும்.

"இருட்டா ஒரு மூலையில தனியா உக்காந்தா ஆறிடும். யார்கிட்டயும் சொல்லாதடி," என்றாள், வெள்ளாடு மங்களத்திடம்.

மங்களம் யாரிடமும் தனியாகச் சொல்லவில்லை. எல்லாரையும் கூப்பிட்டு ஒரே தடவையாகச் சொன்னாள்.

முதல் ஆளாக சேவல் கொண்டைராசு வந்தார். "கூட்டம் போடாதீங்க, காத்து வரட்டும்!" என்று அவர் கத்திய கத்தலில்தான் கூட்டமே சேர்ந்தது.

"அடியே, என்னைப் பாரு. உடம்பு எப்படிக் கிண்ணுனு இருக்கு? நான் சொல்றபடி கேளு."

"உங்களுக்கு வைத்தியம் தெரியுமா மாமா?"

"தெரியாததுக்குத்தானே போன் இருக்கு!"

துவைக்கிற கல்லின்மேல் கோகிலவாணி மறந்து வைத்த போன் கிடந்தது. காக்கா காளியப்பன் அலகால் 'கோழி' என்று தட்டினான். அதற்கு மேல் தட்ட அலகு வலித்தது. முதலில் வந்த வீடியோவை ஓடவிட்டான்.

"வணக்கம் உறவுகளே!" என்று தேனாய் வழிந்தது ஒரு குரல். "முதல்ல கோழியை நல்லாக் கழுவிக்கணும்."

"பாத்தியா, சுத்தம்! டாக்டரம்மா கெட்டிக்காரங்க," என்றார் கொண்டைராசு. கழுவினார்கள்.

"அடுத்து, தாராளமா மஞ்சள் தூள்."

காளியப்பன் சமையலறை ஜன்னலுக்குள் புகுந்து டப்பாவோடு வந்தான். கொட்டினார்கள். ரத்தம் நின்றேவிட்டது. பூங்காவனத்துக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

"இப்ப உப்பு."

"ஐயோ, எரியுதே!"

"எரிஞ்சாத்தான்டி மருந்து!"

"பாதி எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கங்க."

பிழிந்தார்கள். தோலைப் போட இடம் தெரியாமல் அவள் தலையிலேயே கவிழ்த்தார்கள்.

"காஞ்ச மிளகாய் நாலஞ்சு."

"மிளகா எதுக்கு?" என்றாள் மங்களம்.

"கண்ணு படாம இருக்க. இதுகூடத் தெரியாதா?" என்ற கொண்டைராசு, மிளகாயை நோயாளியைச் சுற்றி அடுக்கினார்.

"இப்படியே அரை மணி நேரம் ஊற விடணும்."

"ஓய்வு சொல்றாங்க!"

"அப்புறம் மிதமான தீயில வதக்கி..."

எல்லாரும் போனை எட்டிப் பார்த்தார்கள்.

"கதகதப்பு," என்றார் கொண்டைராசு, சுருதி இறங்கி. "அடிபட்ட உடம்புக்குக் கதகதப்பு நல்லதுதானே..."

"மாமா," என்றாள் பூங்காவனம், "டாக்டரம்மா கையில கரண்டி இருக்கு."

எழுந்து ஓடலாம் என்று பார்த்தாள். கால் ஒத்துழைக்கவில்லை. அதே நேரம் கொல்லைக் கதவு திறந்தது. கையில் பஞ்சாரத்தோடு கோகிலவாணி. பூங்காவனம் கண்ணை மூடிக்கொண்டாள். மசாலா தடவி, ஊறி, தானே தயாராக உட்கார்ந்திருக்கும் கோழியை எந்தப் பெண்மணி விடுவாள்?

"ஐயய்யோ! ஏங்க, ஓடி வாங்க! யாரோ செய்வினை வச்சுட்டாங்க! மஞ்சக் கோழி, எலுமிச்சம்பழம், மிளகா... எல்லாம் நடுக்கொல்லையில!"

பஞ்சாரம் கை நழுவி உருண்டது.

"தொடாதடி!" என்று உள்ளேயிருந்தே வீரமாகக் கத்தினார் கணவர். "அந்தக் கோழி நமக்கு வேணாம். சாகுற வரைக்கும் அது பாட்டுக்குத் திரியட்டும்!"

கோகிலவாணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கருப்பசாமி, என் குடும்பத்தைக் காப்பாத்துப்பா. நாளைக்கே உனக்கு ஒரு சேவல் அறுக்கிறேன். ஒரு குறையும் இல்லாத, கிண்ணுனு ஒரு சேவல்!"

கொல்லையில் இருந்த அத்தனை கழுத்தும் ஒரே பக்கம் திரும்பியது. கொண்டைராசு சட்டென்று நொண்டிப் பார்த்தார். அவசரத்தில் எந்தக் கால் என்று முடிவு செய்யவில்லை. ஒரு அடிக்கு வலது, ஒரு அடிக்கு இடது. பார்த்தவர்களுக்கு அவர் குஷியில் ஆடுவது போலத்தான் இருந்தது.

மறுநாள் சாமிக்குப் படைத்தது போக மீதி, மாப்பிள்ளை இலைக்கு வந்தது. ஜன்னலுக்கு வெளியே பூங்காவனம் நேராக நடந்து போனாள். மஞ்சள் உண்மையிலேயே நல்ல மருந்து.

நீதி: முதலுதவி செய்யப் போகிறவர்கள், அடிபட்டவரைவிடக் கொஞ்சம் கூடுதலாக நொண்டிக்கொண்டே போகவும்.