பொட்டு வைத்த ட்ரோனும் பதினொரு செகண்டும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு காரியம் ஒழுங்காக நடக்கிறது என்று தெரிந்த அடுத்த நிமிஷமே அதிலிருந்து கையை எடுத்துவிடுவேன். பள்ளிக்கூட வயதில் ஹேண்டில்பாரை விட்டுவிட்டு சைக்கிள் ஓட்டிக் காட்டி, நல்லம்பள்ளி சந்தையில் ஒரு தக்காளிக் கூடைக்குள் போய் உட்கார்ந்தவன் நான். "இவருக்கு வாய் ஓட்டத் தெரியும், வண்டி ஓட்டத் தெரியாது" என்பது என் மனைவி செல்வி கல்யாணமான முதல் மாதமே கண்டுபிடித்துச் சொன்னது. அப்படிப்பட்டவனிடம் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ட்ரோனைக் கொடுத்தார்கள். (கொடுத்தவர்களைச் சொல்லணும்.)

கல்யாண மண்டபத்தில் படம் பிடிக்கிற குட்டி ட்ரோன் இல்லை. வயலுக்கு மருந்து அடிக்கிற ட்ரோன். ஆறு விசிறி, நடுவில் பத்து லிட்டர் டேங்க், விரித்து வைத்தால் ஒரு கயிற்றுக் கட்டில் அளவுக்கு இருக்கும். எங்கள் விவசாயிகள் குழுவுக்கு வந்தது. அதை ஓட்டப் பயிற்சி எடுத்தவர்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று பக்கத்துத் தெரு ஸ்டெல்லா. ஓசூர் கம்பெனிக்கு தினமும் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு இதை நம்பி வந்த பெண். நான் வீடியோ பார்த்தே பாதி கற்றுக்கொண்டவன் என்பதால், பயிற்சியில் சொல்லிக்கொடுத்தவருக்கே சொல்லிக்கொடுத்தேன். கடைசி நாளில் அவர் என் தோளில் கை வைத்து, "நீங்க பேசறத நிறுத்துனா நல்லா ஓட்டுவீங்க" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் ஓட்டம் குழுத் தலைவர் மல்லப்பாவின் துவரைக் காட்டில். மருந்து கிடையாது, வெறும் தண்ணீர்தான். சும்மா எல்லோருக்கும் காட்டுவதற்கு. ஆனால் சும்மா பார்க்க ஊரே வந்துவிட்டது.

புது வண்டியைப் பூஜை போடாமல் எடுக்க முடியுமா? மாலை போட்டால் விசிறியில் மாட்டும் என்று மாலையை மட்டும் விட்டேன். (அந்த அளவுக்கு விவரம்.) மற்றபடி கற்பூரம், எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம் எதிலும் குறை வைக்கவில்லை. மோட்டாருக்கு ஒன்று, டேங்குக்கு ஒன்று என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். தூக்கிக் கவிழ்த்து அடிவயிற்றையும் விடவில்லை. மேலே மட்டும் வைத்தால் கீழே கோபித்துக்கொள்ளாதா?

ஸ்டெல்லா ஒரு தாளோடு வந்தாள். "அண்ணா, பறக்கறதுக்கு முன்னாடி செக் பண்ண வேண்டிய லிஸ்ட். நேத்து நான் பாத்துட்டேன். இன்னிக்கி இன்னொருக்கா பாத்துரலாங்க."

"பூஜையே போட்டாச்சு. இதுக்கு மேல என்னம்மா செக்கு?" என்றேன். கூட்டம் சிரித்தது. அவள் தாளை மடித்துக்கொண்டாள்.

ட்ரோனைத் தலை உயரத்துக்குக் கிளப்பினேன். அதிலே ஒரு வசதி உண்டு. 'பயிருக்கு மேலே மூன்று மீட்டரில் போ' என்று சுவிட்சைத் தட்டிவிட்டால், மேடு பள்ளம் எல்லாம் அதுவே அளந்துகொண்டு போகும். சுவிட்சைத் தட்டினேன். தண்ணீர் பூத்தூவலாக இறங்கியது. கூட்டம் "அடேங்கப்பா" என்றது. அந்த ஒரு சத்தம் போதாதா எனக்கு? ரிமோட் கழுத்து வாரில் தொங்க, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினேன்.

"பாருங்க, கையே வெக்கல!"

ட்ரோன் முன்னால் போகவில்லை. மேலே போனது. மூன்று மீட்டர் தாண்டியது. தென்னை உயரம் தாண்டியது. தண்ணீரை மட்டும் நிறுத்தவில்லை. மேலேயிருந்து எங்கள் எல்லோர் மேலும் சாரல் அடித்தது. "மழைங்க!" என்று யாரோ துண்டைத் தலையில் போட்டார்கள். தூக்கிய என் கைகள் அங்கேயே ஒன்றுசேர்ந்து கும்பிட்டன. "முருகா, எறங்கு! முருகா, எறங்கு!" (முருகனிடம் ரிமோட் இல்லை என்பது அப்போது தோன்றவில்லை.)

கடைசியில் ரிமோட் ஞாபகம் வந்தது. அதிலிருக்கிற இரண்டு குச்சியில் கீழே இழுக்க வேண்டியதை விட்டுவிட்டு, மற்றதை முன்னால் தள்ளினேன். ட்ரோன் நேராகப் போய்ப் புளியமரத்து உச்சியில் மோதியது. கிளை கிளையாக இறங்கி, மல்லப்பாவின் எருக்குழியில் விழுந்தது.

"அய்யோ தேவ்ரே!" என்றார் மல்லப்பா. அவர் கன்னடம் பேசுகிற வீட்டுக்காரர். பெரிய அதிர்ச்சி எல்லாம் அவருக்கு அதில்தான் வரும்.

எல்லாக் கண்ணும் என்மேல். அப்போதுதான் இன்றைக்கும் நினைத்தால் காது சூடாகிற காரியத்தைச் செய்தேன். "நான் உடனே கீழ இழுத்தனுங்க. மிஷின் கேக்கல. பேட்டரி கோளாறா இருக்கும்" என்றேன்.

பேட்டரியைச் சார்ஜ் போட்டது ஸ்டெல்லா என்று எல்லோருக்கும் தெரியும். மல்லப்பாதான் அவளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பு பண்ணவங்க கையில திரும்பக் குடுக்க முடியாதும்மா. பேட்டரிதான்னு ஆச்சுன்னா..."

"ஆச்சுன்னா நான் கம்பெனி பஸ்ஸுக்கே போறேங்க" என்றாள் அவள். "ஆனா லாகை எடுத்துப் பாத்துட்டுப் போறேன். விமானத்துல கறுப்புப் பெட்டி இருக்குமில்ல, அதாட்டம் இதுக்குள்ளயும் ஒண்ணு இருக்கு. எல்லாத்தயும் எழுதி வெச்சிருக்கும்."

எல்லாத்தையும் என்றால் எல்லாத்தையுமா?

மறுநாள் நான், ஸ்டெல்லா, மல்லப்பா மூன்று பேரும் ட்ரோனைச் சாக்கில் கட்டி தர்மபுரியில் பஷீர் பாய் கடைக்கு எடுத்துப் போனோம். ரேடியோ காலத்திலிருந்து ரிப்பேர் பார்க்கிறவர். எதையும் மூக்கால் ஒரு தடவை முகர்ந்துவிட்டுத்தான் திறப்பார். முகர்ந்தார். "நாட்டு மாடு" என்றார். பிறகு மெமரி கார்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டார். திரையில் கலர் கலராகக் கோடுகள்.

"பச்சைக் கோடு பேட்டரி" என்றார் பாய். "கடைசி வரைக்கும் ஒரே மட்டமா நிக்குது. இந்தப் பேட்டரிய கொறை சொன்னவன் நாக்கு அழுகிரும்."

நான் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டேன். ஸ்டெல்லா நாற்காலியில் முதல்முறையாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இந்த ரெண்டு கோடு ரிமோட் குச்சி. கை பட்டா ஆடும்." விரலால் அளந்தார். "சுவிட்ச் தட்டுனதுல இருந்து பதினொரு செகண்டு ஆடவே இல்ல. ஓட்டுனவரு கை எங்க இருந்துச்சு?"

மல்லப்பா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, கும்பிட்டுக் காட்டினார்.

"பன்னெண்டாவது செகண்டுல ஒரு குச்சி ஆடுது. அதுவும் தப்பான குச்சி" என்று பாய் முடித்தார்.

"அது சரிங்க பாய்," என்றேன், மிச்சமிருந்த மானத்தைத் திரட்டிக்கொண்டு, "மேல ஏறுனதுக்கு நான் என்ன பண்றது?"

பாய் சிவப்புக் கோட்டைக் காட்டினார். தரை எவ்வளவு தூரம் என்று அடியிலிருந்து அளக்கிற கண்ணின் கணக்கு அது. "இருபத்தாறு மீட்டர் ஏறுன பெறகும் தரை அஞ்சு சென்டிமீட்டர்லயே இருக்குதுன்னு சொல்லுது. பாவம், தரையில உக்காந்திருக்கோம்னு நெனச்சுக்கிட்டு, மூணு மீட்டருக்காவது ஏறலாம்னு ஏறி ஏறி ஆகாசத்துக்கே போயிருக்கு. கண்ண எதுவோ மறைச்சிருக்கு."

ட்ரோனைக் கவிழ்த்தார். சாணத்தைத் துணியால் துடைத்தார். அடிவயிற்றில் கண்ணாடிக் கண். அதன் மேலே, எருக்குழியில் விழுந்தும் அழியாமல், கல்லாக இறுகிய சந்தனப் பொட்டு. நடுவே குங்குமம். வட்டம் அவ்வளவு சுத்தம். என் கைவேலையில் நான் பெருமைப்படக்கூடிய ஒரே இடம் அதுதான்.

"ஸ்டெல்லா," என்றேன். "தப்பு என்னுதும்மா. நேத்து நான் சொன்னது பொய்யி."

"அது லாக்லயே இருக்குங்கண்ணா" என்றாள். பிறகுதான் சிரித்தாள். பாய் சிரித்தார். மல்லப்பா கன்னடத்தில் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறு வழி?

இன்றைக்கு ஸ்டெல்லாதான் பைலட். பென்னாகரம் வரைக்கும் கூப்பிடுகிறார்கள். நான் டேங்கில் தண்ணீர் நிரப்புகிறேன், மருந்து கலக்குகிறேன், அவள் லிஸ்ட்டைச் சத்தமாகப் படித்தால் ஒவ்வொன்றுக்கும் "சரி" சொல்கிறேன். ட்ரோனின் அடியில், அந்தக் கண்ணுக்குப் பக்கத்தில், மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறாள்: 'அண்ணன் தொடக் கூடாது.' வீட்டில் பால் பொங்குகிறதை நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றால், "பதினொரு செகண்டு ஆச்சு, கைய எறக்குங்க" என்கிறாள் செல்வி. ஆயுத பூஜைக்கு நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்தால், வீட்டில் மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் எல்லாம் கழற்றி ஒளித்து வைக்கிறார்கள்.

ஒவ்வொரு காட்டிலும் யாராவது அந்த எழுத்தைப் பார்த்து, "யாரும்மா அந்த அண்ணன்?" என்று கேட்பார்கள். ஸ்டெல்லா முழுக் கதையையும் சொல்வாள். கொஞ்ச நாளாகக் கதை வளர்கிறது. போன வாரம் பொம்மிடிப் பக்கம் ஒரு மஞ்சள் தோட்டத்தில், "இருவது செகண்டு கும்புட்டுட்டே நின்னாருங்க" என்றாள். என்னால் பொறுக்க முடியவில்லை. மருந்து வாளியைக் கீழே வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"பதினொண்ணுதானுங்க! வேணுமின்னா லாகைப் பாருங்க!"