நான் காய்ச்சிய பன்னீர்

வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்தவர்களைச் சமையலறைக்குள் விடக் கூடாது. அதிலும் நிச்சயதார்த்தத்தன்று விடவே கூடாது. நான் சொன்னால் நம்பலாம்; அன்றைக்கு மணப்பெண்ணே நான்தான்.

அப்போது போசரித் தொழிற்பேட்டையில் ஒரு பெயிண்ட் கம்பெனி ஆய்வகத்தில் இருந்தேன். மராத்திக்காரன் நிகிலும் அங்கேதான். (காதல்தான், வேறென்ன.) அவன் அம்மாவுக்கு மட்டும் அரை மனது. மெத்தப் படித்த மதராசிப் பெண் நம்மை மதிப்பாளா என்ற கவலை. பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் கிளம்பினாராம்.

வாசலில் தெளிக்கப் பன்னீர் வேண்டும். "ஔந்த் கடைத்தெருவுல பாட்டில் கிடைக்கும்டி, வாங்கிட்டு வந்துரு," என்றாள் அம்மா.

"அதெல்லாம் வெறும் எசென்ஸ்மா. நானே காய்ச்சி வடிக்கிறேன் பாரு," என்றேன். வாய்க்கொழுப்பு.

குடுவையும் கண்ணாடிக் குழாயும் புதிதாகவே வாங்கினேன். சாங்வியில் இருந்த எங்கள் வீட்டுச் சமையலறையில் ரோஜா இதழையும் தண்ணீரையும் குடுவையில் போட்டு, கம்பி வலைமேல் வைத்து அடுப்பை மூட்டினேன். ஆவி கண்ணாடிக் குழாய்க்குள் ஏற, வெளிச்சுற்றில் ஓடிய குழாய்த் தண்ணீர் அதைக் குளிரவைக்க, மறுமுனையில் சொட்டுச் சொட்டாகப் பன்னீர் விழுந்தது. அம்மா அசந்துபோனாள். நான் மிதப்பாகப் புடவை கட்டப் போனேன்.

ஆய்வகத்தில் தண்ணீர் நாள் முழுக்க ஓடும். எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியில் காலையிலேயே நிறுத்திவிடுவார்கள். அந்தக் குழாயடியில் வாளி பிடித்தே வளர்ந்த எனக்கு இது மறந்துவிட்டது. திரும்பி வந்தால், குழாயில் தண்ணீர் நின்று, ஆவியெல்லாம் குளிராமலே வெளியேறி, குடுவை வற்றி, இதழெல்லாம் கரியாகி, கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. வடித்தது மட்டும் கொஞ்சம் மிச்சம். முகர்ந்தேன், ஒன்றும் தெரியவில்லை. (பெயிண்ட் கம்பெனியில் சேர்ந்ததிலிருந்தே என் மூக்கு வேலையை விட்டுவிட்டது.) காலிங் பெல் அடித்தது. அப்படியே பன்னீர்ச் சொம்பில் ஊற்றி அப்பாவிடம் கொடுத்தேன்.

அப்பாவுக்குத் தாராள மனசு. நிகிலின் அம்மாவை நனைத்தே விட்டார்.

"ஏதோ தீயுற வாசனை வருதே," என்றார் அவர் மராத்தியில்.

அப்பா நாலு பக்கமும் மோந்து பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "உங்க மேலேர்ந்துதான் வருது," என்றார்.

என் கல்யாணம் அவ்வளவுதான் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த அம்மாள் விடுவிடுவென்று சமையலறைக்குள் போனார். கரிப்பிடித்த குடுவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"உன் படிப்பை நெனச்சு எனக்குத் தூக்கமே இல்ல," என்றார். "இப்ப பயம் போயிடுச்சு."

இன்றும் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் என் மாமியார் வாசலிலேயே அறிவித்துவிடுவார்: "பன்னீர்ச் சொம்பை யார் கையில வேணும்னாலும் குடுங்க, எங்க வீட்டு விஞ்ஞானி கையில மட்டும் வேண்டாம்."