பதிமூன்றில் ஒன்பது போனால் பதினாறு

இது நடந்து ஆறு ஆண்டு ஆயிற்றா, ஏழா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. அன்று ஜப்பானின் மாட்சுமோட்டோ ஊரில் பனி பெய்ததா, இல்லை பெய்யப்போவதாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்ததா என்பதிலும் சந்தேகம் உண்டு. எண்களை மட்டும் சத்தியம் செய்து சொல்ல முடியும்.

"பதினாலுல எட்டு போனா?" என்று கேட்டாள் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை மியாசாகா.

"ஆறு!"

இருபத்தேழு குழந்தைகள், ஒரே குரல். வேறு எந்த ஆசிரியையாக இருந்தாலும் பூரித்துப் போயிருப்பாள். மியாசாகா இன்னொரு முறை கேட்டுப் பார்த்தாள்.

"யாருக்காவது வேற விடை வருதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமே இல்ல."

"ஆறுதான் டீச்சர்," என்றான் முதல் வரிசை தைகா, இரக்கத்துடன். "உங்களுக்கு வரலையா?"

இன்னும் ஐந்து நாளில் திறந்த பாடம். ஊரிலுள்ள பள்ளிகளிலிருந்து எழுபது ஆசிரியர்கள் வந்து, வகுப்பறைச் சுவரோரமாக நின்று, அவள் பாடம் நடத்துவதைக் குறிப்பெடுக்கப் போகிறார்கள். பிறகு எல்லோரும் நூலகத்தில் உட்கார்ந்து அந்த ஒரு பாடத்தை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பேசுவார்கள். பாடத் திட்டம் அச்சாகித் தபாலில் போய்விட்டது. அதில் 'குழந்தைகள் சொல்லக்கூடிய பதில்கள்' என்று ஒரு கட்டம். கேள்வி: மரத்தில் பதிமூன்று ஆப்பிள், ஒன்பதைப் பறித்தால் மீதி எத்தனை? கட்டத்தின் மூன்றாவது வரியில் அவளே தட்டச்சு செய்திருந்தாள்: 'பதினாறு.'

பதினாறை அவள் கற்பனையிலிருந்து எடுக்கவில்லை. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, பள்ளியின் சாமான் அறையில் உட்கார்ந்து, சின்னக் குழந்தைகளுக்குக் கழித்தல் கற்பிப்பது பற்றி அந்தப் பள்ளி ஐம்பது ஆண்டுகளாகச் செய்துவந்த ஆய்வுகள் எல்லாவற்றையும் படித்து மதிப்பிட்டிருந்தாள். நாற்பத்து மூன்று கோப்புகள். எல்லாவற்றிலும் ஒரே முடிவு: வகுப்பில் ஒரு குழந்தை எழுந்து பதினாறு என்று சொல்லும். மூன்றிலிருந்து ஒன்பதை எடுக்க முடியாததால், திருப்பிப்போட்டு ஒன்பதிலிருந்து மூன்றை எடுத்துவிடும். ஆறு. தொடாமல் நிற்கும் பத்தோடு சேர்த்தால் பதினாறு. அந்தத் தடுமாற்றத்திலிருந்துதான் பாடம் பிறக்கிறது.

ஒவ்வொரு கோப்பும் தனக்கு முந்தைய கோப்பை ஆதாரமாகக் காட்டி ஒதுங்கிக்கொண்டது. படிப்படியாக இறங்கிப் போனால் கடைசியில் ஐம்பது ஆண்டுக்கு முந்தைய ஒரே ஒரு பாடம். நடத்தியவர் குபோடா. அப்போது இதே பள்ளியில் ஆசிரியர். அந்தப் பாடம் புத்தகமாயிற்று, அந்தப் புத்தகம் அவரைப் பேராசிரியர் ஆக்கிற்று. திறந்த பாடத்துக்குச் சிறப்பு விருந்தினர் அவர்தான்.

மியாசாகா ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் ஆசிரியை. கல்வி வாரிய அதிகாரியும் அன்று வருகிறார். அவர் எழுதப்போகும் நாலு வரியில் அவளுடைய அடுத்த ஆண்டு இருந்தது. முதல் நிமிடத்திலேயே இருபத்தேழு பேரும் 'நாலு' என்று கத்திவிட்டால், மீதி நாற்பத்து நாலு நிமிடமும் எழுபது பேர் மூச்சு விடும் சத்தத்தைத்தான் அவள் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். தூங்கப் போகும்போதெல்லாம் அந்தச் சத்தம் கேட்டது.

காரணம் கணக்குச் சீட்டுகள்தான் என்று அவளுக்குத் தோன்றியது. வளையத்தில் கோத்த அந்தச் சீட்டுக் கட்டைக் குழந்தைகள் தினமும் வீட்டில் அம்மா முன்னால் ஒப்பித்துக் கையெழுத்து வாங்கி வருவார்கள். எல்லாக் கட்டுகளையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"இந்த வாரம் யாரும் கணக்கு ஒப்பிக்க வேண்டாம். ஜாலியா விளையாடுங்க."

மறுநாள் காலை முதல் வேலையாக ஒரு தாயார் தொலைபேசியில் வந்தார்.

"டீச்சர், சீட்டு இல்லைன்னு பொண்ணு ஒரே அழுகை. நானும் அவளுமா உக்காந்து புதுசா எழுதிட்டோம். எழுதினதுல இப்ப கண்ண மூடிக்கிட்டே சொல்றா. ரொம்ப நல்ல யோசனை டீச்சர்! மத்த அம்மாங்களுக்கும் சொல்லிட்டேன்."

மியாசாகா நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

அடுத்து, வழக்கப்படி பக்கத்துப் பிரிவில் ஒத்திகை பார்த்தாள். ஒரு தடுமாற்றம் எப்படித்தான் வருகிறது என்று கண்ணாலாவது பார்த்துவிடலாம் என்பது அவள் எண்ணம். அங்கும் ஒரு பதினாறு இல்லை. ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பிரிவுக் குழந்தைகளும் சேர்ந்து நடைபாதையைத் துடைக்கும் நேரத்தில், துணியோடு துணியாகச் செய்தியும் கைமாறியது.

"விருந்தாளிங்க வர்ற அன்னிக்கு உங்களுக்கு என்ன கணக்கு தெரியுமா? பதிமூணுல ஒன்பது. விடை நாலு. மறந்துராதீங்க!"

துணைத் தலைமை ஆசிரியர் மொமோசெயிடம் போனாள். ஐம்பத்தேழு வயது; பேச்சு அபூர்வம். அவர் காலை வணக்கம் சொன்னாலே அது கூட்டம் நடந்த மாதிரி என்று ஆசிரியர் அறையில் சொல்லிக்கொள்வார்கள்.

"சார், யாருமே தப்புப் பண்ண மாட்டேங்கறாங்க."

மொமோசெ தேநீர்க் கோப்பையைப் பார்த்தார்.

"கேள்வியில நம்பரையாவது மாத்தலாமா சார்?"

"அச்சாயிருச்சு."

"தேதியை?"

"குபோடா சார் வர்றார்," என்றார் மொமோசெ. அவள் காத்திருந்தாள். அறையின் மறுகோடியில் நகல் இயந்திரம் ஒரு முறை சூடாகி, வேலையில்லாமல் ஆறியது. அவள் எழுந்து வந்துவிட்டாள்.

பாடத்துக்கு முதல் நாள் மதியம். வகுப்பில் சாப்பாடு பரிமாறும் முறை கொகொனாவுடையது. வெள்ளை மேலங்கியும் தொப்பியுமாக, சூப்பை ஒரு சொட்டு சிந்தாமல் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். வகுப்பிலேயே கணக்கில் வேகமானவள் அவள்தான். பரிமாறி முடித்ததும் மியாசாகா அவளை நடைபாதைக்குக் கூப்பிட்டாள்.

"கொகொனா, நாளைக்கு எனக்கு ஒரு உதவி செய்யறியா? பதிமூணுல ஒன்பது போனா எவ்வளவுன்னு கேப்பேன். நீ பதினாறுன்னு சொல்லணும்."

"நாலு, டீச்சர்."

"தெரியும்மா."

"அப்ப எதுக்குப் பதினாறு?"

"சில குழந்தைங்க அப்படி நினைப்பாங்க."

"யாரு?"

மியாசாகா யோசித்தாள். அந்தக் கட்டடத்தில் ஒரு பெயர்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

"புஸ்தகத்துல இருக்கற குழந்தைங்க."

"பாவம்," என்றாள் கொகொனா. "அழுதுக்கிட்டே சொல்லணுமா, சாதாரணமா சொல்லணுமா?"

"சாதாரணமா."

"நாடகத்துல நரியா வந்தேனே, அந்த அளவுக்கு நடிக்கட்டா?"

"அதைவிடக் கம்மியா."

கொகொனா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பெரிய பொறுப்பை ஏற்றவளாக உள்ளே போனாள்.

மறுநாள். எழுபது பேர் செருப்பு ஓசையில்லாமல் சுவரோரம் நிறைந்தார்கள். பின்பக்கம் நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அதில் பேராசிரியர் குபோடா. எழுபத்தைந்து வயது, மெலிந்த உடம்பு, மடியில் குறிப்பேடு. அவர் பக்கத்தில் கல்வி வாரிய அதிகாரி.

மியாசாகா கரும்பலகையில் ஆப்பிள் மரத்தை ஒட்டினாள்.

"பதிமூணு ஆப்பிள். ஒன்பது பறிச்சாச்சு. மரத்துல மீதி எத்தனை?"

கொகொனா கையைத் தூக்கினாள். நரியைவிடக் கம்மியாகத்தான். "பதினாறு."

எழுபது பென்சில்கள் ஒரே நேரத்தில் அசைந்தன. பேராசிரியர் கண்ணை மூடித் திறந்தார். மியாசாகா அதைப் பலகையில் பெரிதாக எழுதினாள். இனி பயமில்லை. மற்ற இருபத்தாறு பேரும் நாலு என்பார்கள், விவாதம் தொடங்கிவிடும்.

"வேற விடை வந்தவங்க இருக்கீங்களா?"

"இருபத்திரண்டு!" என்றான் தைகா.

"ஆறு," என்றாள் யுனோ.

"பூஜ்யம். மீதியைக் காக்கா தின்னுருச்சு."

"நூத்து முப்பத்தொன்பது!"

ஒருவர்பின் ஒருவராக வந்து, தங்கள் பெயர் எழுதிய காந்த வில்லையை அவரவர் விடைக்குக் கீழே ஒட்டினார்கள். பலகையில் விடைகள் பெருகின. மியாசாகா திரும்பிப் பார்த்தாள். இருபத்தேழு முகங்களும் பிறந்தநாள் பரிசை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பது மாதிரி மின்னின. வில்லை ஒட்ட வந்த யுனோ எட்டி அவள் காதில் சொன்னாள்:

"கவலைப்படாதீங்க டீச்சர். கொகொனா எங்ககிட்ட சொல்லிட்டா. அவ மட்டும் தனியா தப்பாச் சொன்னா பாவமில்லையா? அதான் எல்லாரும் சேந்துட்டோம்."

பலகையில் இல்லாத விடை ஒன்றே ஒன்றுதான்.

"நாலு..." என்று இழுத்தாள் மியாசாகா. "நாலுன்னு யாருக்காவது தோணுதா?"

"சேச்சே!" என்றான் தைகா விசுவாசமாக. "நாலு எப்படி டீச்சர் வரும்?"

கடிகாரத்தில் ஒன்பது நிமிடம்தான் போயிருந்தது. வேறு வழி தெரியாமல், "சரி, அவங்கவங்க விடை ஏன் சரின்னு சொல்லுங்க," என்றாள்.

கொகொனா முன்னால் வந்தாள். பலகையில் கட்டைகளை அடுக்கினாள். "இங்க பத்து, இங்க மூணு. மூணுலேர்ந்து ஒன்பதை எடுக்க முடியல. அதனால ஒன்பதுலேர்ந்து மூணை எடுத்தேன். ஆறு. இந்தப் பத்து அப்படியே இருக்கு. பதினாறு."

அவள் சொன்ன அழகில் சுவரோரம் ஒருவர் தலையாட்டினார். தைகாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"பறிச்சப்புறம் மரத்துல கூடிருச்சா? அப்ப எங்க தாத்தா தோட்டத்துல தினமும் பறிக்கச் சொல்றேன்!"

"உன்னுது மட்டும் என்னவாம்? இருபத்திரண்டு! பறிச்சதைத் திரும்ப ஒட்ட வெச்சியா?"

"நான் சும்மா சொன்னேன். நீ ஏன் திருப்பிப் போடறே? கட்டையைப் பாரு, பத்து அங்க வெட்டியா நிக்குது. அதுல ஒன்பதை எடேன்!"

"எடுத்தா ஒண்ணுதான் இருக்கும்!"

"இருக்கட்டுமே! அதோட அந்த மூணையும் சேரு!"

நூற்று முப்பத்தொன்பதும் பூஜ்யமும் இருக்கையை விட்டு எழுந்து பலகைக்கு ஓடின. "மொதல்ல மூணை எடு, அப்புறம் பத்துலேர்ந்து ஆறை எடு, அப்பவும் அதேதான் வருது!" என்று யுனோ கட்டைகளைத் தட்டிக் கலைத்து மறுபடி அடுக்கினாள். யாரும் நடிக்கவில்லை. யாரும் டீச்சரைப் பார்க்கவுமில்லை. அரை மணி நேரம் மியாசாகாவுக்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

கடைசியில் கொகொனா கட்டைகளை வெறித்தபடி நின்றாள். ஒன்று. மூன்று. மெதுவாகத் திரும்பி டீச்சரிடம் கண்ணாலேயே அனுமதி கேட்டாள். மியாசாகா தலையசைத்தாள்.

"நாலு!" என்று இருபத்தேழு பேரும், தண்ணீருக்குள் மூச்சடக்கியிருந்து வெளியே வந்தவர்கள் மாதிரி சொன்னார்கள். மணி அடித்தது.

நூலகத்தில் கூட்டம் கூடியது. பேராசிரியர் குபோடா எழுந்தார். பேசுவதற்கு முன் கைக்குட்டையை எடுத்தார்.

"ஐம்பது வருஷத்துக்கு முன்னால, இதே பள்ளியில, நான் ஒரே ஒரு பதினாறைத்தான் பார்த்தேன். இன்னிக்கு ஒரு வகுப்பே தடுமாறி விழுந்து, தானே எழுந்து நின்னதைப் பார்த்தேன். இவங்க எழுதின ஆய்வு மதிப்பீட்டையும் படிச்சேன். வார்த்தைக்கு வார்த்தை உண்மை."

மியாசாகாவால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தாள். "இல்ல சார்... அது... குழந்தைங்க தானாத் தடுமாறல. நான் வந்து..."

"பாருங்க!" என்றார் பேராசிரியர் கூட்டத்தைப் பார்த்து. "என்ன அடக்கம்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மூலையில் மொமோசெ மட்டும் தட்டவில்லை. தன் தேநீருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

கல்வி வாரிய அதிகாரி கையை உயர்த்தினார். "ஒரு சின்ன சந்தேகம். பாடம் பிரமாதம். ஆனா இருபத்தேழு பேர்ல ஒருத்தருக்குக்கூட மொதல்ல சரியான விடை தெரியலையே? அதுவும் வகுப்பு தொடங்கி ஏழு மாசம் ஆனப்புறம், நவம்பர்ல?"

பிறகு ஆனது இவ்வளவுதான். மியாசாகாவின் ஒப்பந்தம் நீண்டது. அடுத்த கோடையில் தேர்வெழுதி நிரந்தர ஆசிரியை ஆனாள். அவளுடைய மதிப்பீடும் பாடக் குறிப்பும் சாமான் அறையில் நாற்பத்து நான்காவது கோப்பாகப் போய் நின்றன. கணக்கில் பின்தங்கிய அந்த வகுப்புக்கு வாரியம் வாரம் இருமுறை ஒரு சிறப்பு ஆசிரியரை அனுப்பியது. அவ்வளவு தூரம் பேருந்தில் வருகிறாரே என்று குழந்தைகள் அவருக்காக மார்ச் வரை விதவிதமாகத் தப்புச் செய்தார்கள். அவர் அதை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். பேராசிரியர் குபோடா தன் புத்தகத்தில் புது அத்தியாயம் ஒன்றைச் சேர்த்தார்; அவர் இப்போது இல்லை. கொகொனாவும் தைகாவும் யுனோவும் நடுநிலைப் பள்ளிச் சீருடைக்குள் போய்விட்டார்கள்.

மொமோசெ அந்தப் பாடத்துக்கு மூன்றாம் ஆண்டு, மார்ச் மாதம் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விருந்து முடிந்து எல்லோரும் காலணி மாட்டிக்கொண்டிருந்தபோது, மியாசாகா அவரைத் தனியே நிறுத்தி, கொகொனாவைக் கூப்பிட்டது முதல் யுனோ காதில் சொன்னது வரை அத்தனையும் கொட்டினாள். "மூணு வருஷமா இது என்னைத் தின்னுக்கிட்டே இருக்கு சார். நாற்பத்து மூணு கோப்புல இருக்கற உண்மையான ஆய்வுக்குப் பக்கத்துல என்னோட பொய்யும் நிக்குது."

மொமோசெ ஒரு காலணியின் நாடாவைக் கட்டினார். மற்றதையும் கட்டினார். எழுந்தார். மேலங்கியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார்.

"அந்த மொதல் பாடத்துல பதினாறு சொன்ன பையன் நான்தான், டீச்சர். குபோடா சார்தான் சொல்லச் சொன்னார். வெளியில மூச்சு விடாதேன்னும் சொன்னார். நீங்க கொகொனாகிட்ட அந்த ரெண்டாவதைச் சொல்ல மறந்துட்டீங்க."