சகலனின் லேசரும் என்னுடைய லேசரும்

ஒருவனுக்கு எதிரியே தேவையில்லை. கெட்டிக்காரச் சகலன் ஒருவர் இருந்தால் போதும், ஆயுள் முழுக்க வயிறெரியலாம். என் மனைவி வதனியின் அக்காவைக் கட்டிய குகன் அண்ணை அப்படிப்பட்டவர். நல்ல மனிதர். (அதுதான் பிரச்சினையே.)

லிங்கநகரில் பெயர்ப்பலகைக் கடை வைத்திருக்கும் அவர், பெரிய லேசர் மெசின் ஒன்றை இறக்கினார். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பலகையில் அது போடும் ஓட்டைகள் விளிம்பெல்லாம் மின்னும். என் கைத்துளைப்பான் தொட்ட பிளாஸ்டிக்கோ வெடித்துப் பிளக்கும்.

"அத்தான் போட்ட ஓட்டையைப் பாருங்கோ, என்ன வடிவு!" என்றாள் வதனி.

ஓட்டைக்காகப் பொறாமைப்பட்ட முதல் ஆண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

அந்த நேரம் பார்த்து வதனியின் தம்பி நிமலனுக்குக் கல்யாணம் வந்தது. மணவறைக்குப் பின்னால், அதே மாதிரிப் பிளாஸ்டிக் பலகையில் ஓட்டைகளால் எழுதிய இருவர் பெயரும் ஒளிர வேண்டுமாம். குகன் அண்ணை வாயைத் திறக்குமுன், "அது என்ட பொறுப்பு" என்றேன். இணையத்தில் சின்ன லேசர் ஒன்றை வாங்கினேன்.

எல்லோரையும் வீட்டுக்கு அழைத்தேன், முக்கியமாக அவரை. வதனி சீதனமாகக் கொண்டுவந்த தேக்குச் சாப்பாட்டு மேசையில் பலகையை வைத்து, ஆளுக்கொரு பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, பொத்தானை அழுத்தினேன். (அந்தக் கண்ணாடிக்குள்ளால் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.) புகை மட்டும் நன்றாக வந்தது.

"தம்பி, ஒருக்கா நிப்பாட்டும். மரம் எரியிற மணம் வருது," என்றார் குகன் அண்ணை.

"பொறுங்கோ அண்ணை, நல்லாத்தான் போகுது."

(அவருக்குப் பொறாமை என்று நினைத்தேன்!)

முடிந்ததும் பலகையைத் தூக்கிக் காட்டினேன். அதில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். தேக்கில் கறுகறுவென்று 'நிமலன் – ஷாமினி'. நடுவில் ஓர் இதயம் வேறு.

"இது நீல லேசர், தம்பி. தெளிஞ்ச பிளாஸ்டிக்குக்குள்ளால அப்பிடியே போயிடும். என்ட மெசின் வேற வகை," என்றார் அண்ணை, மெதுவாக. சிரிக்கவுமில்லை. சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன்.

பலகையை அவரே செய்து கொடுத்தார். கல்யாணத்தில் எல்லோரும் அதை அண்ணாந்து பார்த்தார்கள்; நான் சோற்றைப் பார்த்தேன்.

மேசை இன்னும் எங்கள் வீட்டில்தான். வதனி என்னை ஏசத் தொடங்கினால், அவளுடைய அம்மா, என் மாமி, குறுக்கே வருவா:

"ஏசி என்ன பிரயோசனம், பிள்ளை? மருமகனுக்குள்ளால அப்பிடியே போயிடும். கீழ இருக்கிற மேசைக்குத்தான் சுடும்."